எந்த உயரம்? கிளைடர்ப் பறப்புக் கணனிகளில் உயரமூலத் தெரிவு பற்றிய ஒரு நோக்கு

எஞ்சின் பூட்டப்பெற்ற விமானத்தைச் செலுத்துபவர் எரிபொருளின் அளவை எவ்வளவு கவனத்துடன் நோக்குவாரோ, அவ்வளவு கவனத்துடன் கிளைடர் எனப்படும் எஞ்சினில்லா விமானத்தைச் செலுத்துபவர் தம் உயரத்தை நோக்குகின்றார். அவருக்கு உயரமே எரிபொருள். சூடேறிய நிலத்திலிருந்து எழும் வளித்தூண்களிலும், மலைச்சரிவில் மோதி மேலெழுங் காற்றிலும் ஏறி அவர் உயரத்தைச் சேமிக்கின்றார். பின்னர் அவ்வுயரத்தைச் செலவிட்டுத் தூரத்தைப் பெறுகின்றார். இக்காலக் கிளைடர்கள் பல, அசைவற்ற வளியில் ஒரு மீற்றர் இறங்குவதற்குள் நாற்பது மீற்றரும் அதற்கு மேலும் முன்செல்ல வல்லன. ஆகவே விமானத்தளத்துக்கு 30 கிலோமீற்றர் தொலைவிலிருந்து நேரே திரும்ப எண்ணும் விமானிக்கு, எதிர்க்காற்றையும் காப்புக்கென ஒதுக்கும் உயரத்தையும் நீக்கிப் பார்த்தால், 750 மீற்றர் வேண்டும். அவ்வுயரத்தில் 50 மீற்றர் வழு நேருமாயின் தூரத்தில் அது 2 கிலோமீற்றராகப் பெருகும். அந்த இறுதி இரண்டு கிலோமீற்றரில் அறுவடை முடிந்த வயல் இருக்கலாம். காடோ, மின்கம்பிகளோ, ஓர் ஊரின் கூரைகளோ இருக்கலாம்.

இக்கணக்கை முன்னாளில் விமானிகள் வட்டச் சட்டங்களைக் கொண்டும் மனக்கணக்காகவும் செய்தனர். எவ்வேகத்திற் பறந்தால் மொத்த நேரம் மிகக் குறையும் என்பதற்கு, 1956 ஆம் ஆண்டு பிரான்சின் சென்-இயானில் உலக வாகை சூடிய அமெரிக்கரான போல் மக்கிரெடியின் பெயரால் வழங்கும் கோட்பாடு வழிகாட்டியது. இன்று இவையனைத்தையும் பறப்புக் கணனி செக்கனுக்கொருமுறை செய்து முடிக்கின்றது. கணனியின் கணிதத்திற் குறைகாண்பது அரிது. ஆயின் அக்கணிதத்துக்கு ஊட்டப்படும் உயரம் எங்கிருந்து வருகின்றது என்பதே வினா. ஒரே கிளைடரில் நான்கைந்து உயரமூலங்கள் இருத்தல் இன்று வழமையாகிவிட்டது: கணனியினுள்ளேயே அமைந்து, விமானத்தின் நிலையமுக்கத் துளையுடன் குழாயால் இணைக்கப்பட்ட அமுக்க உணரி, மோதல் எச்சரிக்கைக் கருவியினுள்ளோ பறப்புப் பதிகருவியினுள்ளோ அமைந்து, விமானியறை வளியை மட்டும் உணரும் உணரி, செய்மதி வாங்கி, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு விடையிறுக்கும் டிரான்ஸ்பொண்டர், போதாக்குறைக்கு விமானியின் கைத்தொலைபேசி. இவை ஐந்தும் ஐந்து எண்களைக் கூறும். இவற்றுள் எது சரியானது எனக் கேட்பது இயல்பே எனினும், அவ்வினா சரியாகத் தொடுக்கப்பட்ட வினாவன்று. இவை ஒரே கணியத்தை அளப்பனவல்ல. எந்தப் பூச்சியத்திலிருந்து, எந்த அளவுகோலால், எத்தேவைக்காக அளக்கப்பட்ட உயரம் என்பதே கேட்கவேண்டியது. தமிழில் நாம் உயரம் என்ற ஒரு சொல்லாலேயே பெரும்பாலும் காரியம் பார்த்துவிடுகின்றோம். புவியியல் நூல்கள் கடன்மட்டத்திலிருந்து அளப்பதனைக் குத்துயரம் என வேறுபடுத்துவதுண்டு. இக்கட்டுரையில் அவ்வேறுபாடு பல விடத்து வேண்டற்பாலதாகும்.

அமுக்கத்தால் உயரத்தை அறியும் முறையின் தோற்றத்தைச் சற்றே நோக்குதல் பயன்தரும். 1648 ஆம் ஆண்டு செப்டெம்பர் 19 ஆந் திகதி, பிளேஸ் பஸ்காலின் வேண்டுகோளுக்கிணங்க அவருடைய மைத்துனர் புளோரின் பெரியே, இரசமுங் கண்ணாடிக் குழாயுங் கொண்டு பிரான்சிலுள்ள பியூய் த டோம் மலையில் ஏறினார். மலையடியில் நின்ற இரசத்தின் மட்டம் உச்சியில் மூன்று அங்குலத்துக்கு மேலாகத் தாழ்ந்தது. வளிக்கு நிறையுண்டு என்பதும், மேலே செல்லச் செல்லத் தலைமீதுள்ள வளி குறையும் என்பதும் அன்று ஐயந்திரிபறத் தெளிவாயின. இவ்வரலாறு பாடநூல்களில் எல்லாம் உண்டு. ஆனால் நம் பொருளுக்கு இன்றியமையாத பகுதி பலராற் கூறப்படாது விடப்படுகின்றது. பெரியே புறப்படுமுன், மலையடியிலிருந்த துறவியர் மடத்துத் தோட்டத்தில் இன்னொரு குழாயை நிறுத்தி, நாள் முழுவதும் அதனை நோக்கிக்கொண்டிருக்குமாறு ஒரு துறவியிடம் ஒப்படைத்துச் சென்றார். அக்குழாயில் மட்டம் மாறவில்லை. மாறியிருப்பின் உச்சியிற் கண்ட வீழ்ச்சியில் எவ்வளவு மலையால் ஏற்பட்டது, எவ்வளவு வானிலையால் ஏற்பட்டது என்பதைப் பிரித்தறிய அக்குழாயே உதவியிருக்கும். அமுக்க உயரமானியின் அடிப்படைச் சிக்கலும் அதற்கான மருந்தும் இரண்டும் அவ்வொரு நாளிலேயே காணப்பட்டன எனலாம்.

உயரமானி அமுக்கத்தையன்றி உயரத்தை அளப்பதில்லை. அமுக்கத்தை உயரமாக மாற்றுவது ஓர் ஒப்பந்தம். கடன்மட்டத்தில் அமுக்கம் 1013.25 மில்லிபார் (இன்றைய வழக்கில் ஹெக்டோபாஸ்கல்), வெப்பநிலை 15 பாகை செல்சியசு, மேலே செல்ல 11 கிலோமீற்றர் வரை கிலோமீற்றருக்கு 6.5 பாகை வீதம் குளிர்ச்சி என எடுகோள் செய்து அமைத்த நியம வளிமண்டலமே அவ்வொப்பந்தம். உண்மை வளிமண்டலம் இவ்வெடுகோளுக்கு இணங்கி நடக்கும் நாள் அரிது. கடன்மட்டத்தில் ஒரு மில்லிபார் மாற்றம் ஏறக்குறைய 8 மீற்றருக்குச் சமன். 3000 மீற்றரில் அது 11 மீற்றராகவும், 5500 மீற்றரில் 14 மீற்றருக்கு மேலாகவும் விரியும். பாரமானி ஒரு நாளில் ஐந்து மில்லிபார் இறங்குவது ஐரோப்பிய வானிலையிற் புதுமையன்று. அது 40 மீற்றர் வழு. நம்மைப்போன்ற அயனமண்டல நாடுகளில் புயலின்றியே காலை பத்து மணியளவில் உயர்ந்தும் பிற்பகல் நான்கு மணியளவில் தாழ்ந்தும் அமுக்கம் நாள்தோறும் இரண்டு மூன்று மில்லிபார் ஊசலாடுவதைப் பாரமானி வைத்திருப்போர் அறிவர்.

பெரியே மடத்துத் தோட்டத்தில் நிறுத்திய இரண்டாங் குழாயின் வேலையை உயரமானியினுள்ளேயே அமைத்தவர், ஜேர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பொறியியலாளர் போல் கோல்ஸ்மன். 1928 ஆம் ஆண்டளவில் அவர் ஆக்கிய உயரமானியின் முகப்பில், அன்றன்றைய தரையமுக்கத்தைத் திருகி அமைக்கும் சிறு சாளரம் ஒன்று அமைந்தது. 1929 செப்டெம்பர் 24 இல் ஜேம்ஸ் டூலிட்டில் வெளியே எதனையும் காணாதவாறு மூடப்பட்ட இருக்கையிலிருந்து கருவிகளை மட்டும் நம்பி நியூயோர்க் மாநிலத்தில் ஏறிப் பறந்து இறங்கியபோது இக்கருவி அவருக்குத் துணைநின்றது. இன்றும் விமானி புறப்படுமுன் உயரமானியைத் திருகித் தளத்தின் குத்துயரத்தைக் காட்டுமாறு செய்கின்றார். அப்போது சாளரத்தில் தோன்றும் அமுக்கமே கியூ.என்.எச். என்னுங் குறியீட்டால் வழங்குவது. பறப்புக் கணனியிலும் இதே திருகுதல் எண்களாக நடைபெறுகின்றது.

தரையமுக்கத்தைத் திருத்தினாலும் வெப்பநிலை வழு திருந்துவதில்லை. சூடான வளி விரிந்து நிற்கும். ஆகவே ஒரே அமுக்க வேறுபாட்டுக்கு அதிக உயரம் ஏறவேண்டும். கோடை நாளில் வளி நியமத்திலும் 15 பாகை மிகையாகச் சூடேறியிருப்பின், தளத்துக்கு மேல் 2000 மீற்றர் எனக் கருவி கூறும்போது உண்மையில் விமானி ஏறக்குறைய 2100 மீற்றருக்கு மேலே இருப்பார். பத்துப் பாகைக்கு நூற்றுக்கு நான்கு என்பது விமானிகள் மனத்திற்கொள்ளும் பருமட்டான விதி. குளிர்காலத்தில் இது தலைகீழாகும். கருவி கூறுவதிலும் தாழ்வாகவே விமானம் பறக்கும். மலைகளிடையே பறப்போர்க்கு இக்குளிர்கால வழு ஆபத்தானது.

இவ்வழுவுக்கு ஒரு நற்குணமுண்டு. செய்மதி உயரத்தையும் அமுக்க உயரத்தையும் ஒப்பிட்டு வாதிடுவோர் பலர் அதனைக் கவனிப்பதில்லை. வெப்பநிலை வழு தளத்துக்கு மேலுள்ள உயரத்தின் ஒரு பின்னமாகவே அமைகின்றது. விமானி இறங்கிவர வழுவும் உடன் இறங்கி, தளத்தை அடையும்போது பூச்சியமாகின்றது. கோடையில் அது காப்பின் பக்கமே சாயும்: கணனி நினைப்பதிலும் சிறிது கூடுதலான உயரம் விமானியிடம் உண்டு. கிளைடர்ப் பறப்புகளில் மிகப் பெரும்பாலானவை சூடான நாட்களிலேயே நிகழ்வதால் அமுக்க உயரமானி தன் வழுவையே ஒரு சேமிப்பாக மாற்றித் தருகின்றது. இதற்கு மாறாகச் செய்மதி உயரத்தின் அடிப்படையில் நேரும் பூச்சியத் தவறு, 2000 மீற்றரில் எவ்வளவோ 20 மீற்றரிலும் அவ்வளவே. இதனைப் பின்னர் விளக்குவாம்.

அமுக்கம் எங்கிருந்து எடுக்கப்படுகின்றது என்பது அடுத்தது. விமானத்தின் உடற்பகுதியில் அல்லது வாற்செட்டையில், ஓடும் வளி அமுக்கத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் இருக்குமிடம் தேர்ந்து நிலையமுக்கத் துளைகள் இடப்படுகின்றன. விமானியறையோ அத்தகைய இடமன்று. மூக்குப்புறத்துக் காற்றோட்டத் துளை திறந்திருக்கின்றதா, கண்ணாடி மூடியின் பக்கச் சாளரம் திறந்திருக்கின்றதா என்பதைப் பொறுத்து உள்ளமுக்கம் மாறும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வளியின் இயக்க அமுக்கம் கடன்மட்டத்தில் ஏறக்குறைய 4.7 மில்லிபார்; வேகம் இருமடங்கானால் அது நான்மடங்காகி 19 மில்லிபாரை எட்டும். அதிற் பத்திலொரு பங்கு அறைக்குள் கசிந்தாலும் உயரம் 16 மீற்றர் பிசகும். மேலும் இவ்வழு வேகத்துடன் மாறுவது. விமானி வேகத்தைக் கூட்டுந்தோறும் குறைக்குந்தோறும் உயரம் தானாக ஏறி இறங்குவதுபோலத் தோன்றும். மோதல் எச்சரிக்கைக் கருவிகள் (2004 இல் சுவிற்சர்லாந்திற் தோன்றிய பிளார்ம் இவற்றுட் பரவலானது) தம் பெட்டியினுள்ளிருக்கும் உணரியின் அமுக்க உயரத்தைக் கம்பிவழி ஏனைய கருவிகளுக்கும் அனுப்புவன. அது நியம அமுக்கமான 1013.25 ஐ அடியாகக் கொண்டு, அடிக்கணக்கில் வருவது. பெறுங் கணனி அதனைக் கடன்மட்ட உயரமெனத் தவறாக எடுத்துக்கொள்ளின், தரையமுக்கம் 1030 ஆகவுள்ள நாளில் 140 மீற்றர் பிசகு உடனே புகுந்துவிடும். இவ்விடத்து வழு உணரியினுடையதன்று. எண்ணுடன் அதன் பூச்சியமும் கூடவே வராமையே வழு.

இன்னொரு குழாய் மயக்கம் பற்றியுங் கூறவேண்டும். ஏற்றவீதத்தைக் காட்டும் வேரியோமீற்றர் முழுச்சத்திக் குழாய் என்னும் தனிக்குழாயுடன் இணைக்கப்படுவது. விமானி வேகத்தைக் குறைத்து மேலெழும்புவதை ஏறுகாற்றென மயங்காதிருக்கும்பொருட்டு, இக்குழாய் நிலையமுக்கத்திலிருந்து இயக்க அமுக்கத்தைக் கழித்துக் காட்டுமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. வேரியோமீற்றருக்கு இது அருமருந்து. ஆனால் கருவிப் பலகையின் பின்புறத்தில் ஒரே நிறக் குழாய்கள் பல நெருங்கிக் கிடக்கும் இடத்தில், கணனியின் உயரமூலம் தவறுதலாக இக்குழாயிற் பொருத்தப்படின், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் 40 மீற்றரும் 200 கிலோமீற்றர் வேகத்தில் ஏறக்குறைய 157 மீற்றரும் உயரம் மிகையாகக் காட்டப்படும். தரையில் நிற்கும்போது இவ்வழு சிறிதும் தோன்றாது. அதனாலேயே புறப்படுமுன் செய்யுஞ் சோதனையில் அகப்படாது தப்பிவிடும். இறுதிச் சறுக்கில் வேகமாக வரும் விமானிக்கு இல்லாத உயரத்தை இருப்பதாகக் காட்டும் இத்தவறு, நாம் கூறும் எல்லாத் தவறுகளிலுங் கொடிது.

இனிச் செய்மதிகளை நோக்குவாம். செய்மதி வாங்கிக்கு வளியின் வெப்பமும் அமுக்கமும் பொருட்டன்று. அது வடிவகணித முறையால் இடத்தைத் துணிகின்றது. ஆயின் அது முதலிற் துணியும் உயரம், டபிள்யூ.ஜி.எஸ். 84 எனப்படும் நீள்வளையவுருவின் மேற்பரப்பிலிருந்து அளந்த உயரமாகும். அம்மேற்பரப்பு புவியின் வடிவத்துக்கு இசையக் கணிதத்தால் அமைத்த ஒழுங்கான உருவம். கடல்நீர் அதனை அறியாது. புவியீர்ப்பு எங்கெங்கு மிகுந்துங் குறைந்தும் உளதோ அதற்கேற்ப மேடும் பள்ளமுமாகவே கடன்மட்டம் அமைகின்றது. கடன்மட்டத்தின் இச்சமவீர்ப்புப் பரப்பையே ஜியோயிட் என்பர். இரண்டுக்குமிடையே உலகிலுள்ள மிகப் பெரும் பள்ளம் நம் வாசலிலேயே கிடக்கின்றது. இலங்கைக்குத் தெற்கே இந்துசமுத்திரத்தில் ஜியோயிட் நீள்வளையவுருவிலும் 106 மீற்றர் தாழ்ந்துள்ளது. காலிமுகத்திடலில் திருத்தம் செய்யப்படாத வாங்கியுடன் நிற்பவர் தாம் ஏறக்குறைய 100 மீற்றர் ஆழத்தில் இருப்பதாகவே அறிவார்! அல்ப்ஸ் பிரதேசத்தில் நிலைமை எதிரானது. அங்கே கடன்மட்டம் நீள்வளையவுருவுக்கு மேலாக ஏறக்குறைய 50 மீற்றர் உயர்ந்திருப்பதால், திருத்தப்படாத செய்மதி உயரம் அவ்வளவுக்கு மிகைபடக் காட்டும். முதற் பந்தியிற் கண்ட 50 மீற்றரும் 2 கிலோமீற்றரும் கற்பனை எண்களல்ல என்பது இப்போது புலனாகும். அவ்வழு ஆபத்தின் பக்கம் சாய்வது. தளத்தின் விளிம்பு வரை குறையாமல் உடன்வருவது.

பெரும்பாலான வாங்கிகள் ஜியோயிட் வேறுபாட்டு அட்டவணையைத் தம்முள் வைத்துத் திருத்தஞ் செய்தே உயரத்தை அறிவிக்கின்றன, சில செய்வதில்லை, பெறுங் கணனியுந் தன்பங்குக்கு ஒருமுறை திருத்திவிடின் வழு மறுபக்கத்தில் தோன்றுகின்றது. இதனைக் கண்டறிய எளிய வழியுண்டு. தளத்தின் குத்துயரம் அறிந்த ஒன்று. புறப்படுமுன் செய்மதி உயரம் அதனின்று ஐந்து பத்து மீற்றர் விலகி அலைவுற்றால் அது இயல்பான அலைவு. ஐம்பது மீற்றரளவில் அசையாமல் விலகி நின்றால் அது ஜியோயிட்டின் கைவரிசை.

செய்மதி உயரத்தின் அலைவு கிடைநிலையிலும் நிலைக்குத்துத் திசையில் மிகுந்திருப்பதற்குக் காரணம் எளிது. நாற்றிசையிலும் செய்மதிகள் உள. ஆனால் காலின்கீழ் ஒன்றுமில்லை, புவி மறைக்கின்றது. கிடையிற் கிழக்குச் செய்மதியின் வழுவை மேற்குச் செய்மதி ஈடுசெய்வதுபோல நிலைக்குத்தில் ஈடுசெய்ய எதிரிணை கிடைப்பதில்லை. நான்கு செய்மதிகள் தெரியாத வேளையில் வாங்கி உயரத்தைக் கைவிட்டுக் கிடைநிலையை மட்டுந் தரும். அப்போது சில கருவிகள் உயரத்துக்குப் பூச்சியம் எழுதுகின்றன, சில இறுதியாக அறிந்த எண்ணையே திரும்பத் திரும்ப எழுதுகின்றன. பூச்சியம் வந்தால் விமானி துணுக்குற்று விழித்துக்கொள்வார். உறைந்த எண்ணே அதனினும் ஏமாற்றவல்லது.

அரசியலும் இதனுட் புகுந்துள்ளது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குரிய ஜி.பி.எஸ். முறை, 2000 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை குடிமக்களுக்கு வழங்கிய குறிகளை வேண்டுமென்றே பழுதாக்கி வழங்கியது. நிலைக்குத்து வழு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வேளைகளில் 156 மீற்றருக்குள் அமையும் என்பதே அக்காலத்து உத்தரவாதம். அதாவது, நமது கணக்கில் ஆறு கிலோமீற்றர். கிளைடர்ப் பறப்பின் பதிகருவிகளுக்குரிய விதிகள் 1990களின் நடுப்பகுதியில் வகுக்கப்பட்டபோது அமுக்க உயரத்துக்கு முதன்மை அளிக்கப்பட்டமையை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளலாம். அப்பழுதாக்கம் நீங்கியது, ஐரோப்பாவின் கலிலியோ முதலிய வேறு செய்மதித் தொகுதிகளும் வந்துள்ளன. எனினும் போர் நிகழும் பகுதிகளின் அயலிற் செய்மதிக் குறிகள் குழப்பப்படுதல் இன்று அன்றாடச் செய்தி. வளியின் நிறையை எவ்வரசும் நிறுத்திவைக்க இயலாது என்பதும் அமுக்க உணரியின் பக்கம் வைத்து எண்ணவேண்டிய ஒரு பொருளே.

இவ்வளவையும் மனங்கொண்டு தேவைகளை நோக்குவாம். வான்வெளி எல்லைகளைப் பொறுத்தமட்டில் ஐயத்துக்கு இடமில்லை. அவ்வெல்லைகள் அமுக்கத்தால் வரையறுக்கப்பட்டவை. பயணிகள் விமானமும் கிளைடரும் ஒரே வழுவைத் தாங்கிப் பறப்பதாலேயே ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. உண்மை உயரத்தை ஒருவர் மட்டும் அறிந்திருப்பது அங்கே நன்மையன்று, தீமையே. குளிர்ந்த நாளிற் செய்மதி காட்டும் 2950 மீற்றரை நம்பி 3000 மீற்றர் எல்லையின் கீழ் நிற்பதாக எண்ணுபவர், அமுக்கக் கணக்கில் எல்லையைத் தாண்டியிருத்தல் கூடும். டிரான்ஸ்பொண்டர் அறிவிப்பதும் அமுக்க உயரமே. அவ்வறிவிப்புப் பழைய கருவிகளில் நூறு அடிப் படிகளாக வருவதால், அதனையே கணனியின் உயரமூலமாக்கின் ஒவ்வொரு முப்பது மீற்றருக்கும் உயரம் துள்ளும். ஏற்றவீதத்துக்கு அது முற்றும் உதவாது. ஏற்றவீதத்துக்குச் செய்மதியும் ஏற்றதன்று: வளித்தூணின் மையத்தைத் தேடிச் சுழலும் விமானிக்கு ஒரு செக்கன் தாமதமே வட்டத்தின் ஒரு பகுதியை இழப்பதாகும்.

தரைக்குமேல் உயரம் வேண்டுமிடத்து நிலைமை மாறுகின்றது. மலைமுகட்டைத் தாண்ட முடியுமா எனக் கணிக்கும் கணனி, தன்னிடமுள்ள தரையுயர வரைபடத்துடன் விமானத்தின் உயரத்தை ஒப்பிடுகின்றது. அவ்வரைபடங்கள் பெரும்பாலும் 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் ராடார் கொண்டு எடுத்த அளவைகளினின்று பிறந்தவை. ஜியோயிட்டை அடியாகக் கொண்ட வடிவகணித உயரங்கள். பாறை வெயிலில் விரிந்து உயர்வதில்லை. ஆகவே அங்கே திருத்திய செய்மதி உயரமே இயைபுடையது. குளிர்நாளின் அமுக்க உயரம் முகட்டைத் தாண்டலாமெனப் பொய்யாசை காட்டும்.

இறுதிச் சறுக்கைப் பற்றியே கருத்து வேறுபாடு மிகுதி. புறப்பட்ட தளத்துக்கே சில மணி நேரத்திற் திரும்பும் பறப்பாயின், நிலையமுக்கத் துளையுடன் இணைந்து தளத்தின் குத்துயரத்துக்கு அமைக்கப்பட்ட அமுக்க உயரத்தையே முதலிடத்தில் வைக்கவேண்டும் என்பது எமது கருத்து. வழு குறைந்துகொண்டே வந்து தளத்தில் மறையும் அவ்வியல்பே காரணம். முந்நூறு நானூறு கிலோமீற்றர் சென்று வேறு தளத்தில் இறங்குவோர்க்கும், அல்ப்ஸ் மலையின் ஒருபுறத்திலிருந்து மறுபுறஞ் செல்வோர்க்கும் இது பொருந்தாது. வெப்பக்காற்றான பேன் வீசும் நாளில் மலைத்தொடரின் இருபுறமும் அமுக்கம் பல மில்லிபார் வேறுபடும். வானொலியிற் புதிய தரையமுக்கம் கேட்டறிய இயலாவிடத்துத் திருத்திய செய்மதி உயரமே நம்பத்தக்கது. விமானியறை உணரியை இவ்விரண்டுக்கும் பின்னரே வைத்தல் தகும்.

ஒரு மூலம் தவறும்போது கணனி தானாகவே இன்னொன்றுக்கு மாறுவது வசதிபோலத் தோன்றும். சூடான பிற்பகலில் 2000 மீற்றரில் இம்மாற்றம் நேரின் திரையிலுள்ள உயரம் நூறு மீற்றர் ஒரே கணத்திற் தாவும். நான்கு கிலோமீற்றர் எட்டாதிருந்த தளம் திடீரென எட்டுந் தளமாகும். மூலம் மாறியதை விமானிக்கு அறிவியாது மாற்றுங் கணனி, மாறவே இயலாத கணனியிலுந் தாழ்ந்தது. 2005 இல் மூலநிரல் பொதுவுடைமையாக்கப்பட்ட எக்ஸ்.சி.சோர் போன்ற மென்பொருள்களின் பெரும்பயன் அவை இலவசமாகக் கிடைப்பது மட்டுமன்று. எவ்வுயரம் எவ்விடத்திற் கையாளப்படுகின்றது என்பதை ஐயுற்றவர் நிரலைத் திறந்து தாமே வாசித்தறியலாம். பூட்டிய பெட்டியை விற்கும் வாணிகருக்கு இவ்வசதியை அளிக்கும் மனம் பெரும்பாலும் இருப்பதில்லை.

சாதனைகளின் ஏட்டிலும் இவ்விரு உயரங்களும் தனித்தனியே வாழ்கின்றன. சர்வதேச வானோட்டச் சம்மேளனத்தின் கிளைடர் ஆணைக்குழு வகுத்த பதிவுக் கோப்பில், ஒவ்வொரு வரியிலும் நேரமும் இடமும் அடுத்து, 1013.25 மில்லிபாரை அடியாகக் கொண்ட அமுக்க உயரமும் அதனருகே செய்மதி உயரமும் எழுதப்படுகின்றன. வெள்ளிச் சின்னத்துக்கு 1000 மீற்றரும், பொற்சின்னத்துக்கு 3000 மீற்றரும், வைரத்துக்கு 5000 மீற்றரும் உயர ஏற்றம் வேண்டும். புகையேற்றிய உருளையில் ஊசி கீறிய பழைய அமுக்கப்பதிகருவிகளின் வழித்தோன்றலாக, அளவுகோடிடப்பட்ட உணரி இன்றும் அங்கே சாட்சி கூறுகின்றது. இரு கோடுகளும் பறப்பு முழுவதும் ஒன்றையொன்று ஒத்த வடிவில் ஓடுதல் ஏமாற்றைக் கண்டறியவும் உதவும். 2018 செப்டெம்பர் 2 இல் ஆர்ஜென்டீனாவின் எல் கலபாத்தே நகரிலிருந்து புறப்பட்ட பெர்லான் 2 என்னும் கிளைடரில் ஜிம் பெயினும் டிம் காட்னரும் எய்திய உயரம் எவ்வளவு? அமுக்கக் கணக்கில் 76,124 அடி, அதாவது 23,203 மீற்றர். சாதனையாகப் பதியப்பெற்ற செய்மதி உயரம் 22,657 மீற்றர். ஐந்நூறு மீற்றருக்கு மேற்பட்ட இவ்வேறுபாட்டுக்குக் கருவிப் பழுது காரணமன்று. குளிர்கால முடிவிற் பற்றகோனியாவின் மேலுள்ள வளி நியமத்திலும் மிகக் குளிர்ந்து சுருங்கிக் கிடந்தது. அவ்விமானத்தின் அறை அமுக்கமூட்டப்பட்டது என்பதும் நினைக்கத்தக்கது. அறைவளியை உணரும் பெட்டி எதுவும் அங்கே புறவமுக்கம் பற்றி ஒன்றுங் கூறியிராது.

சாதாரண விமானி தம் கருவிகளின் குணத்தை அறிய அத்தனை உயரம் ஏறவேண்டியதில்லை. புறப்படுமுன் ஒவ்வொரு மூலமும் தளத்திற் காட்டும் எண்ணைக் குறித்து, தரையிறங்கிய பின் அதே இடத்தில் மீண்டுங் குறித்துப் பார்த்தாற் போதும். அமுக்க மூலங்கள் யாவும் ஒருங்கே 20 மீற்றர் ஏறியிருப்பின் அது அன்றைய வானிலை. பாரமானி இரண்டரை மில்லிபார் இறங்கியுள்ளது. ஒன்று மட்டும் ஏறியிருப்பின் அதன் உணரி பழுது. செய்மதி உயரம் காலையும் மாலையும் மாறாது 50 மீற்றர் மிகையாக நின்றால், கணனியின் அமைப்புப் பட்டியலைத் திறந்து ஜியோயிட் திருத்தத்தைத் தேடவேண்டும். மணிக்கு 90, 130, 180 கிலோமீற்றர் வேகங்களில் மட்டமாகப் பறந்து, காற்றோட்டத் துளையை ஒருமுறை மூடியும் ஒருமுறை திறந்தும், செய்மதி உயரத்துக்கும் அமுக்க உயரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்தால், குழாய் தவறிப் பொருந்தியிருப்பின் ஓர் அமைதியான மாலைப் பறப்பிலேயே அது வெளிப்பட்டுவிடும்.